பலகையை வாடகைக்கு எடுக்குமுன் காற்றளவைப் பாருங்கள்

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் கட்டிய பலகையில் காற்றின் விசையால் கடலில் சறுக்குவது, செய்யப் போகிறீர்களா? காலையிலேயே பலகைக்கு வாடகை கட்டிவிடாதீர்கள். நண்பகல் தாண்டியதும், சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் இணையப்பக்கத்தில் கடற்கரையை ஒட்டிய நிலையம் அந்த நேரத்தில் பதிவு செய்யும் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது சுமார் 10 நாட், தொட்டால் கிளம்பலாம்.

முன்னறிவிப்பு பொதுவான கணிப்புதான். நிலைய அளவு அங்கே உண்மையில் வீசுவது. வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலடுக்கின் வேகமான காற்று கீழே இறங்கிக் கலக்கிறது, கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் காலையில் தூங்கி வழிந்த கடல் 2 மணிக்கு விழித்துக்கொள்கிறது. பாயின் மீதான விசை காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 8 நாட் 12 ஆனால் விசை இரண்டு மடங்குக்கும் மேல். அந்த 4 நாட்டுக்காகக் காத்திருப்பதில் நட்டமே இல்லை.

டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது நன்றாகப் பலிக்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் நம்ப வேண்டாம். காற்று மெலிந்திருக்கும், பிற்பகலில் இடிமழையும் வரும். சுமத்ரா சூறைக்காற்று, அதாவது சுமத்ரா பக்கமிருந்து இடிமழையோடு வரும் திடீர்ப் பலத்த காற்று, கடக்கும்போது காற்றளவு கவர்ச்சியாக ஏறும். மின்னலும் கூடவே வருவதால் அன்று கரையிலேயே இருங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கோ அந்த மந்தமான காலைக் காற்றுதான் வசதி.