ஏலக்காய் வியாபாரிக்கு பில் மென்பொருள்: தரத்தை எப்படி உறுதி செய்வது?

போடி, கம்பம், குமுளி, நெடுங்கண்டம் பக்கம் ஏலக்காய் வியாபாரி ஒருவருக்குத் தனி மென்பொருள் எழுதித் தர முதன்முறையாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா? இது உங்களுக்காக. கடையில் கிடைக்கும் மென்பொருளை ஏற்கெனவே பலர் பயன்படுத்திப் பிழை கண்டு சொல்லியிருப்பார்கள். நீங்கள் எழுதப்போவதற்கு அந்த வாய்ப்பே கிடையாது. பிழை இருந்தால் அந்த ஒரு வியாபாரியின் பணம்தான் போகும். ஆகவே சோதனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

படி 1: விடை தெரிந்த கணக்குகளைக் கேட்டு வாங்குங்கள்

“வரி சரியாக வர வேண்டும்” என்பார் முதலாளி. அதை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் எதை வைத்துச் சோதிப்பீர்கள்? கணக்குப்பிள்ளையுடன் உட்கார்ந்து பழைய பில்களைப் புரட்டி, இன்ன தொகைக்கு இன்ன வரி என்று எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் காட்டும்: தமிழ்நாடு 33, கேரளம் 32. காய்ந்த ஏலக்காயைப் போடி வியாபாரி போடியிலேயே விற்றால் மத்திய வரி 2.5%, மாநில வரி 2.5%. அதே காயைக் கேரளத்திலுள்ள குமுளிக்கு விற்று அனுப்பினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) 5%. இரண்டுக்கும் தனித்தனி மாதிரிக் கணக்கு வேண்டும். முதலாளி அதில் கையெழுத்திட்ட பிறகு நிரலைத் தொடங்குங்கள்.

படி 2: வரம்பின் ஓரத்தில் சோதியுங்கள்

மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணு ஆவணம்) எடுக்க வேண்டும். 49,999, 50,000, 50,001 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். அந்த மதிப்பில் வரியும் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 48,000 ரூபாய்க் காய்க்கு வரியோடு 50,400 ஆகிறது. வரிக்கு முந்தைய தொகையைப் பார்க்கும் நிரல், இ-வே பில் தேவையில்லை என்று சொல்லிவிடும். வழியில் அதிகாரிகளின் வாகனச் சோதனையில் வண்டி மாட்டிக்கொள்ளும்.

பைசாவிலும் கவனம் வேண்டும். 1,001 ரூபாய்க்கு 5% என்றால் 50.05. இரண்டு 2.5% வரிகளையும் தனித்தனியாகப் பைசாவுக்கு முழுமையாக்கினால் 25.03 வீதம் 50.06 வருகிறது. எது சரி என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள். பைதான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலுமே 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 வரும். அதனால் தொகையைப் பைசாவிலும் எடையைக் கிராமிலும் முழு எண்ணாகச் சேமிப்பதே என் பரிந்துரை.

படி 3: சோதனையைத் தானியங்கியாக்குங்கள்

மேலே சேர்த்த கணக்குகளையெல்லாம் சோதனை நிரலாக எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முழுவதையும் ஓட்டுங்கள். புதிய பிழை வந்தால் முதலில் அதைக் காட்டும் சோதனையை எழுதிவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

படி 4: இணைப்பைத் துண்டியுங்கள்

போடிமெட்டு மலைப்பாதையில் சிக்னல் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். சேமிக்கும் பொத்தானை அழுத்தியவுடன் இணைப்பை நிறுத்துங்கள். மீண்டும் இணைத்து இன்னொரு முறை அழுத்துங்கள். ஒரே பில் பதிவாக வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் பெயர்களைத் தட்டி, அச்சிட்ட தாளில் எழுத்து உடைகிறதா என்றும் பாருங்கள்.

படி 5: பழைய பேரேட்டையும் கூடவே எழுதச் சொல்லுங்கள்

மாதக் கடைசி உட்பட ஒரு முழு மாதம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். தினமும் மாலையில் மொத்தத்தை ஒப்பிடுங்கள். ஒரு பைசா வேறுபட்டாலும் எந்தப் பில் என்று தேடிப் பிடியுங்கள். பில் போடுபவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து, அவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த திருத்தம் அங்கேதான்.