சாப்ட்வேருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்தில் ஒருவர் தொழிலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப்போகிறார் என்றால், எந்த சாப்ட்வேர், எத்தனை லட்சம் என்றுதான் முதல் பேச்சே ஆரம்பிக்கிறது. அதற்குள் ஏற்றப்போகிற டிசைன், பெயர், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் சட்டப்படி யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் நாலு சென்ட் நிலம் வாங்கினால் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காத ஊர் இது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். புது மாடலுக்கு அச்சு வெட்டி, மாதிரி ஜோடி கைக்கு வந்ததும், பாலிஷ் பளபளப்போடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டுவிடுகிறார்கள். ஆர்டர் வரும், சரி. ஆனால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே ஊருக்குக் காட்டிவிட்ட டிசைன் புதியதே அல்ல. அப்புறம் ஓடிப்போய் பதிவு வாங்கினாலும், காப்பி அடித்தவர் உங்கள் பழைய போஸ்டையே நீட்டி அதை ரத்து செய்யச் சொல்லலாம். 'வரைந்தது நான், பதிப்புரிமை இருக்கிறதே' என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. டிசைனைப் பதியாமல், தொழில்முறையில் 50 உருப்படிக்கு மேல் அடித்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும், ஓடுகிற மாடல் 50-ஐத் தாண்ட எத்தனை நாள் ஆகும்? முதலில் விண்ணப்பம், அப்புறம் ஸ்டேட்டஸ். பதிவானால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5.

பெயர் விஷயத்தில் ஜிஎஸ்டி, உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு, கம்பெனிப் பதிவு எல்லாம் இருக்கிறதே என்பார்கள். அது எதுவும் டிரேட்மார்க் ஆகாது. சிறு நிறுவனம் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் அல்லது சேவை வகைக்கு, 4,500 ரூபாய்தான், ஆனால் வகுப்பைப் பார்த்துப் போட வேண்டும்: ஏற்காட்டு எஸ்டேட் ஒன்று காப்பித்தூளுக்கு 30-ஆம் வகுப்பில் பதிந்த பெயர், அதே எஸ்டேட்டின் தங்கும் விடுதிக்குத் தானாக வந்துவிடாது, அதற்கு 43-ஆம் வகுப்பு தனி. சேகோ ஆலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான், அதற்காக இங்கே ஆலை வைத்திருக்கிற எல்லோரும் மூட்டையில் அந்த முத்திரையைக் குத்திவிட முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும்.

எல்லாவற்றையும் விட அதிகம் பணம் தின்பது சாப்ட்வேர் எழுதித் தருகிறவரோடு போடாத ஒப்பந்தம். சம்பளத்துக்கு இருக்கும் ஆள் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை கம்பெனிக்கு. வெளி ஆளிடம் காண்ட்ராக்ட் கொடுத்தால், நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும், எழுத்தில் மாற்றிக்கொள்ளாதவரை அந்த சாப்ட்வேர் கோடு (code) பொதுவாக எழுதினவருடையதுதான். எழுதி வாங்கும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் அதை 5 வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். துபாய்க்கு சரக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. டொமைன், சர்வர், ப்ளே ஸ்டோர் கணக்கு மூன்றும் டெவலப்பரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால் கம்பெனி மெயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள், சோர்ஸ் கோடையும் கையில் வாங்கிவிடுங்கள். இதையெல்லாம் கடைசித் தவணை பாக்கி இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், பில் செட்டிலான பிறகு கேட்டால் போனையே எடுக்க மாட்டார்கள்.