விசையும் இயக்கமும்: இயக்க விதிகளை வகுப்பில் நடத்தும் முறை

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலைத் தனிப்பாடமாக எடுக்கும் மாணவர் அதே விதிகளை வெக்டர்களோடும் நுண்கணிதத்தோடும் மறுபடியும் படிக்கிறார். நியூட்டனின் மூன்று விதிகளையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் அந்த மாணவரிடம், மேலே சுண்டிவிட்ட நாணயம் பாதி உயரத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசைகளை வரையச் சொல்லுங்கள். பெரும்பாலும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியைப் போட்டு, அதற்குச் ‘சுண்டிய விசை’ என்று பெயரும் எழுதிவிடுவார். விரலை விட்டு நாணயம் நீங்கிய கணத்திலேயே விரல் கொடுத்த விசை முடிந்துவிட்டது. காற்றின் சிறு தடையை ஒதுக்கிவிட்டால், மிஞ்சியிருப்பது கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை ஒன்றே.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. ஒரு பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அன்றாட அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் கருதினார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோபோனஸ், எறிபவர் பொருளுக்குள் ஓர் உந்துதலைப் புகுத்திவிடுகிறார், அது தீரும்வரை பொருள் ஓடுகிறது என்று அக்கருத்தைத் திருத்தினார். நம் மாணவர் வரையும் மேல்நோக்கிய அம்புக்குறி ஏறக்குறைய ஃபிலோபோனஸின் கருத்தேதான். அங்கிருந்து நியூட்டனின் நூல் வெளிவந்த 1687ஆம் ஆண்டுக்கு வந்து சேர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நாமோ சில பாடவேளைகளில் கடந்துவிடச் சொல்கிறோம். எனவே வரையறையைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குவதில் பயனில்லை. மாணவர் ஏற்கெனவே என்ன நினைக்கிறார் என்பதை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு செய்து பார்க்க வேண்டும். வரையறையும் வாய்பாடும் அதற்குப் பின்னால் வந்தால் போதும்.

ஊகம் எழுத்தில் இருக்க வேண்டும்

ஒவ்வொரு செயல்விளக்கத்துக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று மாணவர் தம் குறிப்பேட்டில் ஒரு வரியும், ஏன் அப்படி நடக்கும் என்று இன்னொரு வரியும் எழுத வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் முதல் இருக்கையில் இருப்பவர் சொல்வதே வகுப்பின் விடையாகிவிடும். செய்து முடித்த பிறகு “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். எழுதிய ஊகத்திலிருந்து அப்படி நழுவ முடியாது. ஊகத்துக்கு மதிப்பெண் கூடாது என்பதையும், தவறான ஊகத்தைச் சிவப்பு மையால் அடிக்கப் போவதில்லை என்பதையும் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். ஊகங்களைப் படித்துக் காட்டும்போது ஆசிரியரின் முகத்தில் சரி, தவறு தெரிந்துவிடக் கூடாது. பார்ப்பதற்குச் சிறியதாகத் தோன்றினாலும் பழக்கத்தில் இதுதான் கடினம்.

முடுக்கத்தைக் காதால் கேட்க வைத்தல்

விசைக்குப் போகும் முன் முடுக்கம் என்பது கையில் பிடிபட்டிருக்க வேண்டும். ‘திசைவேகம் மாறும் வீதம்’ என்ற தொடரை ஒப்பிப்பவர்களில் பலர் வேகத்தையும் முடுக்கத்தையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். இதற்கு மின்சாமான் கடையில் வயரிங்குக்காக விற்கும் பிளாஸ்டிக் கேசிங் பட்டி ஒன்றும் ஒரு கோலிக்குண்டும் போதும். ஏறத்தாழ 180 செ.மீ. நீளமுள்ள பட்டியை நேராக வைத்து, நடுவில் தொய்யாதபடி அடியில் மரச்சட்டம் கொடுத்து, ஒரு முனையை 8 செ.மீ. அளவுக்கு உயர்த்துங்கள். குண்டை விடும் இடத்தை 0 என்று கொண்டு, 40, 80, 120, 160 செ.மீ. தொலைவுகளில் நீல நிறக் கோடுகள் போடுங்கள். குண்டு ஒவ்வொரு கோட்டைக் கடக்கும்போதும் வகுப்பே கைதட்ட வேண்டும். முதல் தட்டலுக்கு நெடுநேரம் காத்திருந்து, அடுத்தடுத்தவை நெருங்கி நெருங்கி வருவதைக் கேட்கலாம்.

இப்போது கைதட்டல் சீராக விழ வேண்டுமானால் கோடுகளை எங்கே போட வேண்டும் என்று கேளுங்கள். சிலர் கோடுகளுக்கிடையே தொலைவு கூடிக்கொண்டே போக வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எவ்வளவு கூட வேண்டும் என்பதில்தான் சண்டை வரும். அந்தச் சண்டையைச் சிறிது நேரம் நடக்க விடுங்கள். பிறகு 10, 40, 90, 160 செ.மீ. தொலைவுகளில் சிவப்புக் கோடுகள் போட்டுக் குண்டை விட்டால், முக்கால் நொடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் கைதட்டல் தாளம் போல ஒரே சீராக விழும். கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவுகள் 10, 30, 50, 70. அதாவது 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதம். சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை எடைபோட்டு நேரம் அளந்து கலிலியோ கண்ட விகிதம் இதுவே. 1638இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. சம நேரங்களில் வேகம் சம அளவு கூடுகிறது என்பதை இந்த எண்களிலிருந்து மாணவர்களே வருவித்த பிறகு, முடுக்கம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். கைப்பேசியின் மெதுவியக்கப் பதிவு இருந்தால் நல்லதுதான், ஆனால் கைதட்டலுக்கு அது ஈடாகாது.

இதே இடத்தில் நாணயத்தையும் ஒருமுறை சுண்டி, உச்சியில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலோர் சுழி என்பார்கள். உச்சியில் திசைவேகமும் சுழி, அது மாறும் வீதமும் சுழி என்றால் நாணயம் அங்கேயே நின்றுவிட வேண்டுமே என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் விதிக்கு ஒரு கேரம் பலகை

பேருந்து திடீரென நிற்கும்போது பயணி முன்னால் சாய்வது எல்லாப் பாடநூலிலும் உண்டு. அது நல்ல எடுத்துக்காட்டுதான் என்றாலும், ‘ஏதோ ஒரு விசை பயணியை முன்னால் தள்ளியது’ என்ற பழைய எண்ணத்தை அது அசைப்பதில்லை. கேரம் பலகை அசைக்கிறது. ஒரு மரக்கட்டையில் இரண்டு ஆணி அடித்து ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பின்னிழுத்து ஸ்ட்ரைக்கரை ஒரே வேகத்தில் விடலாம். முதலில் சிமெண்டுத் தரையில், அடுத்துத் துடைத்த பலகையில், பிறகு பவுடர் தூவிய பலகையில் விட்டு, அது நிற்கும் தொலைவை ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் குறியுங்கள். பவுடர் தூவிய பலகையில் ஸ்ட்ரைக்கர் எதிர்ப்பக்கச் சட்டத்தில் மோதித் திரும்பும் அளவுக்குப் போய்விட்டால், ரப்பர் பேண்டை இழுக்கும் அளவைக் குறைத்துக்கொண்டு முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பவுடர் ஸ்ட்ரைக்கரைத் தள்ளியதா? இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் அது கூடுதல் தொலைவு எப்படிப் போயிற்று? தள்ளுவதற்கு எதையும் சேர்க்காமல், தடுப்பதை மட்டும் குறைத்தோம் என்ற விடை மாணவரிடமிருந்தே வரும். தடுப்பது சிறிதும் இல்லாத பலகை கிடைத்தால் என்ன ஆகும் என்ற அடுத்த கேள்வியில் முதல் விதி வந்து நிற்கிறது. நிலைமத்துக்குக் காய்களை அடுக்கி அடிக்காயை மட்டும் ஸ்ட்ரைக்கரால் தட்டிவிடும் வேடிக்கையையும் இதே பலகையில் காட்டலாம். அதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

மேசையும் தள்ளுகிறது

எனக்குத் தெரிந்தவரை இந்தப் பாடத்தில் மாணவர்கள் மிகவும் எதிர்ப்பது செங்குத்து விசையைத்தான். மேசைமேல் இருக்கும் புத்தகத்தை மேசை மேல்நோக்கித் தள்ளுகிறது என்றால், உயிரில்லாத மேசை எப்படித் தள்ளும், அது விழாமல் தடுக்கிறது, அவ்வளவுதான் என்பார்கள். படிப்படியாகப் போக வேண்டும். முதலில் ஒருவரை உள்ளங்கையில் கனமான புத்தகத்தை ஏந்தச் சொல்லுங்கள். கை மேல்நோக்கித் தள்ளுவதை அவர் உணர்வார். அடுத்து அதே புத்தகத்தைச் சுருள்வில்மேல் வையுங்கள். பிறகு இரண்டு பெஞ்சுகளுக்கிடையே பாலம் போலக் கிடத்திய மெல்லிய பலகைமேல் வையுங்கள். சுருள்வில் அமுங்குவதும் பலகை வளைவதும் கண்ணுக்குத் தெரியும். கடைசியில் மேசை. மேசையின் நடுவில் ஒரு சிறு கண்ணாடியைப் படுக்க வைத்து, லேசர் விளக்கின் ஒளியைச் சாய்வாக அதன்மேல் விழச் செய்து, தொலைவிலுள்ள சுவரில் செம்புள்ளி தெரியுமாறு அமையுங்கள். லேசர் விளக்கு அந்த மேசைமேல் இருக்கக் கூடாது. ஒளி எவர் கண்ணிலும் படாத உயரத்தில் செல்ல வேண்டும். கண்ணாடிக்கு அருகில் மேசையை ஒருவர் அழுத்தினால் சுவரில் புள்ளி நகரும். மேசையும் வளைகிறது, மிகச் சிறிதளவு மட்டும். அமெரிக்கப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் மின்ஸ்ட்ரெல் இவ்வரிசையில் நடத்தியதை 1982இல் எழுதியிருக்கிறார். நம் வகுப்பறைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. கல்மேடையில் புள்ளி நகருவது தெரியாது, மரமேசை வேண்டும்.

மூன்றாம் விதியின் இணைகள்

மேற்சொன்ன பாடம் முடிந்ததும் ஒரு புதிய குழப்பம் முளைக்கும். புத்தகத்தின் எடையும் மேசையின் செங்குத்து விசையும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் அவையே விசையும் எதிர்விசையும் என்று மாணவர் எழுதுவார். அவை இரண்டுமே புத்தகத்தின்மீது செயல்படுகின்றன. மூன்றாம் விதி சொல்லும் இணையோ எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின்மீது செயல்படும். வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் இதற்கு உதவும். ‘பூமி புத்தகத்தை இழுக்கிறது’ என்பதைத் திருப்பினால் ‘புத்தகம் பூமியை இழுக்கிறது’. ‘மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது’ என்பதைத் திருப்பினால் ‘புத்தகம் மேசையைத் தள்ளுகிறது’. யார் யாரை என்று சொல்ல முடியாத எந்த விசையையும் படத்தில் வரையக் கூடாது என்று விதித்துவிட்டால், நாணயத்தின் ‘சுண்டிய விசை’யும் தானே உதிர்ந்துவிடும்.

இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி கோத்து, வகுப்பில் பலசாலி என்று பெயரெடுத்தவரையும் ஒல்லியான ஒருவரையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். பலசாலியின் தராசு அதிகம் காட்டும் என்பதே ஊகங்களில் மிகுதியாக இருக்கும். இரண்டும் ஒன்றையே காட்டும், தராசுகள் சரியாக இருந்தால். மலிவான தராசுகள் சற்றே முன்பின்னாகக் காட்டும் என்பதால், வகுப்புக்கு முன்பே இரண்டிலும் ஒரே எடைக்கல்லைத் தொங்கவிட்டு ஒத்துப்பாருங்கள். கிடைமட்டமாகப் பிடிக்கும்போது முள் சுழியில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தச் சோதனையில் அளவு மாறிப்போனால், மாணவர் தம் பழைய கருத்துக்கே சான்று கிடைத்ததாக எடுத்துக்கொள்வார்.

கணக்குக்கு முன் அளவு

‘விசை = நிறை × முடுக்கம்’ என்பதில் எண்களைப் போட்டு விடை எடுப்பதை மாணவர்கள் விரைவில் கற்றுக்கொள்வார்கள்; அதற்கு நாம் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. உழைக்க வேண்டியது, வந்த விடை எவ்வளவு பெரியது என்பதை உணர வைப்பதில்தான். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து பிரேக் பிடித்து 40 மீட்டரில் நிற்கிறது என்று கொள்வோம். வேகம் நொடிக்கு 20 மீட்டர். எதிர்முடுக்கம் 5 மீ/வி². 50 கிலோ நிறையுள்ள பயணியை நிறுத்த 250 நியூட்டன் விசை வேண்டும். அது ஏறத்தாழ 25 கிலோ அரிசி மூட்டையின் எடை. நின்றுகொண்டு வரும் பயணி ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து அதைத் தாங்க முடியுமா என்று கேட்டால் கணக்குக்கு உடல் வந்துவிடுகிறது. அடுத்து, வேகம் பாதியானால் நிற்கும் தொலைவு எவ்வளவு என்று எழுதாமல் ஊகிக்கச் சொல்லுங்கள். 20 மீட்டர் என்பார்கள். கணக்கிட்டால் 10 மீட்டர் வரும்.

வாக்கெடுப்பு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர், எண்களே இல்லாத விசை வினாக்களைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டதாகப் பதிவுசெய்திருக்கிறார். அதன்பிறகு அவர் வகுத்த முறை நாற்பது பேர் உள்ள நம் வகுப்புக்கும் ஏற்றது. செலவு, அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள். வினாவைப் படித்துக் காட்டி, ஒரு நிமிடம் தனியே யோசிக்க விட்டு, அட்டையை நெஞ்சோடு சேர்த்து ஒரே நேரத்தில் உயர்த்தச் சொல்லுங்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் சரியாகச் சொன்னால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு நிமிடம் வாதிடச் செய்து மறுபடியும் வாக்கெடுங்கள். மிகச் சிலரே சரியாகச் சொன்னால் வாதத்தில் பயனில்லை, பாடத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லாருமே சரியென்றால் வினா எளிதாகிவிட்டது என்று பொருள், கடந்துவிடலாம்.

பொதுத்தேர்வு நெருங்க நெருங்க இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வி எழும், நியாயமான கேள்வியும்கூட. ஆனால் தேர்வில் எது வருகிறதோ அதையே மாணவர் படிப்பார் என்பதால், பள்ளி அளவில் நாமே எழுதும் ஒவ்வொரு தேர்விலும் எண் இல்லாத ஒரு வினாவாவது இருக்கட்டும். முதல் இடைத்தேர்வுக்கு இதைக் கொடுக்கலாம்: சீரான வேகத்தில் மேலே ஏறும் மின்தூக்கியில் நிற்பவரின்மீது தளம் செலுத்தும் விசை அவர் எடையைவிட அதிகமா, குறைவா, சமமா? படம் வரைந்து காரணம் எழுதுக. விடைக்கு ஒரு மதிப்பெண், படத்துக்கும் காரணத்துக்கும் மூன்று.