பெண்கள் உலக ஐஸ் ஹாக்கித் தொடரை முதன்முறையாகப் பார்ப்பது எப்படி? – படிப்படியான விளக்கம்

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு நடத்தும் பெண்கள் உலக சாம்பியன்ஷிப், 1990-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. அப்போதிருந்து 2025 வரை நடந்து முடிந்த 24 தொடர்களில் கனடா 13 முறையும் அமெரிக்கா 11 முறையும் பட்டம் வென்றுள்ளன. வேறெந்த நாடும் தங்கப் பதக்கத்தைத் தொட்டதில்லை. இந்தக் கணக்கைக் கேட்டதும், இறுதி ஆட்டத்தை மட்டும் பார்த்தால் போதுமே என்ற எண்ணம் புதியவர்களுக்கு வருவது இயல்பு. அந்த எண்ணத்தை முதலில் கைவிடச் சொல்வேன். இந்தத் தொடரின் சுவை அதன் நடுப்பகுதியில் இருக்கிறது; அதை எந்த வரிசையில், எங்கே கண் வைத்துப் பார்ப்பது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: தொடரின் அமைப்பை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்

2019 முதல் இத்தொடரின் முதல் நிலையில் பத்து அணிகள் ஆடிவருகின்றன. அவை ஏ, பி என்ற இரு பிரிவுகளாகப் பிரிக்கப்படும். ஆனால் மற்ற உலகப் போட்டிகளில் செய்வதுபோல் வலுவான அணிகளையும் எளிய அணிகளையும் கலந்து பிரிப்பதில்லை. தரவரிசையில் முதல் ஐந்து இடங்களில் உள்ளவை அனைத்தும் ஏ பிரிவிலும், அடுத்த ஐந்து அணிகள் பி பிரிவிலும் வைக்கப்படுகின்றன. ஏ பிரிவின் ஐந்து அணிகளும், ஒரு வெற்றிகூடப் பெறாவிட்டாலும், காலிறுதிக்குச் சென்றுவிடும். பி பிரிவிலிருந்து முதல் மூன்று அணிகளுக்கு மட்டுமே அந்த வாய்ப்பு உண்டு. கடைசி இரண்டு அணிகள் கீழ்நிலைக்குத் தள்ளப்படும்.

காலிறுதியில் ஏ பிரிவின் முதல் அணி பி பிரிவின் மூன்றாம் அணியையும், ஏ பிரிவின் இரண்டாம் அணி பி பிரிவின் இரண்டாம் அணியையும், ஏ பிரிவின் மூன்றாம் அணி பி பிரிவின் முதல் அணியையும் சந்திக்கும். எஞ்சியிருக்கும் ஏ பிரிவின் நான்காம், ஐந்தாம் அணிகள் தமக்குள் மோதும். இந்த நான்கு கோடுகளையும் தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், லீக் சுற்றின் ஒவ்வோர் ஆட்டத்திலும் உண்மையில் எது பந்தயமாக இருக்கிறது என்பது விளங்கிவிடும். ஏ பிரிவில் மூன்றாம் இடமா, நான்காம் இடமா என்ற போராட்டம் வெறும் மதிப்புக்கானதன்று. எதிர்கொள்ள வேண்டிய அணியே அதனால் மாறுகிறது.

இவ்வமைப்பு அநீதியானது என்று சிலர் குறைகூறுவதுண்டு. பெண்கள் ஆட்டத்தில் அணிகளுக்கிடையிலான இடைவெளி பெரிதாக இருந்த காலத்தில் இருபது கோல் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களைத் தவிர்க்க வேறு வழியில்லை என்பதே என் கருத்து. மேலும், பிரிவுகளுக்கிடையே கதவு அடைபட்டுவிடவில்லை. 2022-இல் ஆறாம் இடத்துக்கு இறங்கிய பின்லாந்து, 2023-இல் கனடாவின் பிராம்ப்டனில் பி பிரிவில் ஆட வேண்டியதாயிற்று. காலிறுதியில் அதை வீழ்த்திய செக் அணியே அவ்வாண்டு வெண்கலம் வென்றது.

படி 2: புள்ளிப் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள்

வழக்கமான 60 நிமிடங்களுக்குள் வென்றால் 3 புள்ளிகள். கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ (ஒருவர் பின் ஒருவராகத் தனியே கோல்கீப்பரை எதிர்கொண்டு கோல் அடிக்க முயலும் முறை) வென்றால் 2. அவ்வாறு தோற்றால் 1. வழக்கமான நேரத்தில் தோற்றால் எதுவும் இல்லை. சமநிலை என்ற முடிவே கிடையாது. ஆகவே இரண்டு நிமிடங்கள் மீதமிருக்கையில் 2–2 என்று நிற்கும் ஆட்டத்தில், ஒரு புள்ளி போதும் என்றிருக்கும் அணி பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக ஆடப்படும் வட்டை, தன் வசம் வைத்து நேரத்தைக் கடத்தும். மூன்று புள்ளிகளும் தேவைப்படும் அணி துணிந்து முன்னேறும்.

படி 3: இரண்டு நீலக் கோடுகளையும் நடுச் சிவப்புக் கோட்டையும் மனத்தில் பதியுங்கள்

ஆடுகளம் ஏறக்குறைய 60 மீட்டர் நீளமும் 26 முதல் 30 மீட்டர் வரை அகலமும் கொண்டது. இரண்டு நீலக் கோடுகள் அதை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பக் எதிரணியின் நீலக் கோட்டைக் கடப்பதற்கு முன் தாக்கும் அணியின் வீராங்கனை ஒருவர் இரு ஸ்கேட்டுகளும் முழுவதுமாக உள்ளே இருக்குமாறு நுழைந்துவிட்டால் அது ஆஃப்சைடு. அவ்வாறு உள்ளே இருப்பவர் பக்கைத் தொடாமல் வெளியே வந்து மீண்டும் நுழையலாம்; கோட்டு நடுவர் அதுவரை கையை உயர்த்தியபடி காத்திருப்பார்.

நடுச் சிவப்புக் கோட்டுக்குத் தன் பக்கத்திலிருந்து அடித்த பக், யார் மீதும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிச் சென்று, அதை எட்டும் ஓட்டத்தில் தற்காக்கும் வீராங்கனை முந்தினால் அது ஐசிங். ஆட்டம் நிறுத்தப்பட்டு, அடித்த அணியின் கோல் பக்கத்திலேயே ஃபேஸ்-ஆஃப் (நடுவர் இடும் பக்குக்காக இரு அணியிலிருந்தும் ஒருவர் வீதம் போட்டியிட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) நடக்கும். அதைவிடக் கடுமையான தண்டனை ஒன்று உண்டு: ஐசிங் செய்த அணி அந்நேரத்தில் ஆட்களை மாற்றக் கூடாது. களைத்துப் போன ஐவர், பெஞ்சிலிருந்து புதிதாக இறங்கிய ஐவரைத் தம் கோலுக்கு முன்பாகவே எதிர்கொள்ள வேண்டியிருக்கும். கோல்கள் பல இதற்கடுத்த அரை நிமிடத்தில் விழுகின்றன. ஐசிங் என்ற சொல் காதில் விழுந்தால் திரையை விட்டு எழுந்து போகாதீர்கள்.

படி 4: பக்கைத் துரத்தாதீர்கள்

பக் 7.62 சென்டிமீட்டர் விட்டமும் 2.54 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட கறுப்பு ரப்பர் வட்டு. அதைக் கண்ணால் பின்தொடர முயன்றால் முதல் பத்து நிமிடங்களிலேயே சலிப்புத் தட்டிவிடும். அதற்குப் பதிலாக வீராங்கனைகளின் உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பாருங்கள். பக் இருக்கும் இடத்தை அவர்களுடைய தோள்களே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்ததாகப் பெஞ்சைக் கவனியுங்கள். களத்தில் ஒரு நேரத்தில் கோல்கீப்பருடன் சேர்த்து ஆறு பேர் இருப்பார்கள். மூன்று பேர் முன்னணியிலும் இருவர் தற்காப்பிலும் ஆடுவார்கள். ஒருவர் தொடர்ச்சியாக முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆடுவது அரிது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பலகைச் சுவரைத் தாண்டி ஒருவர் இறங்க, மற்றொருவர் ஏறுவார். நல்ல பயிற்சியாளரின் திறமை இந்த மாற்றங்களில்தான் தெரியும்: எதிரணியின் சிறந்த மூவர் இறங்கியதும், அவர்களை அடக்கக்கூடிய மூவர் இங்கிருந்து இறங்குகிறார்களா என்று பாருங்கள்.

படி 5: மோதல் விதியைப் புரிந்துகொள்ளுங்கள்

பெண்கள் ஆட்டத்துக்கும் ஆண்கள் ஆட்டத்துக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுதான். மிகுதியாகத் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். 1990-இல் ஒட்டாவாவில் நடந்த முதல் தொடரில் பெண்களுக்கும் பாடி செக்கிங், அதாவது உடலால் இடித்து எதிராளியை விலக்குவது, அனுமதிக்கப்பட்டிருந்தது. பின்னர் அது விலக்கப்பட்டது. ஆனால் உடலே படக் கூடாது என்று பொருள்கொண்டுவிடக் கூடாது. பக்கை நோக்கி இருவர் ஓடும்போது தோளோடு தோள் உரசலாம். பக்கை வைத்திருப்பவரைச் சரியான கோணத்தில் நெருங்கிச் சுவரோரமாக ஒதுக்கலாம். தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கலாம். பக்கை விட்டுவிட்டு ஆளை நோக்கிப் பாய்வதே குற்றம்.

இதைத் திரையில் அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. சுவரோரத்தில் இருவர் மோதிக்கொள்ளும் காட்சியை மறுமுறை காட்டும்போது, மோதலை உண்டாக்கியவரின் மட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மட்டையின் நுனி பனிக்கட்டியில் பக்கை நோக்கி நீண்டிருந்தால் பெரும்பாலும் நடுவர் விட்டுவிடுவார். மட்டை மேலெழும்பி, கைகள் முன்னே தள்ளப்பட்டு, கடைசி நொடியில் ஓட்டத்தின் திசை ஆளை நோக்கி மாறியிருந்தால் நடுவரின் கை உயரும். இடையிலுள்ளவை நடுவருக்கு நடுவர் மாறுபடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொடரின் முதல் நாள்களில் எந்த அளவுக்கு விடுகிறார்கள் என்று பார்த்தே அணிகள் தங்கள் ஆட்டத்தை அமைத்துக்கொள்கின்றன.

2024 ஜனவரியில் தொடங்கிய வட அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல்-ஐப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த லீக்கில் மோதலுக்கு இதைவிட இடம் அதிகம். தண்டனையால் ஓர் ஆள் குறைவாக ஆடும் அணியே ஒரு கோல் அடித்துவிட்டால் அதன் தண்டனை உடனே முடிந்துவிடும் என்ற விதியும் அங்கே உண்டு. உலக சாம்பியன்ஷிப்பில் அவ்விதியை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 6: நடுவரின் உயர்த்திய கையைப் பாருங்கள்

சிறு குற்றத்துக்கு இரண்டு நிமிடங்களும் பெருங்குற்றத்துக்கு ஐந்து நிமிடங்களும் தண்டனை. அந்நேரம் முழுவதும் குற்றம் செய்தவரின் அணி ஓர் ஆள் குறைவாக ஆட, எதிரணி பவர் பிளேயைப் பெறும். இரண்டு நிமிடத் தண்டனை, எதிரணி கோல் அடித்தவுடன் முடிந்துவிடும்; ஐந்து நிமிடத் தண்டனை அவ்வாறு முடியாது.

புதியவர்களைக் குழப்பும் காட்சி ஒன்று இதிலிருந்து பிறக்கிறது. நடுவர் கையை உயர்த்துகிறார். ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. திடீரென்று ஓர் அணியின் கோல்கீப்பர் தன் கோலைத் திறந்துபோட்டுவிட்டு பெஞ்சை நோக்கி ஓடுகிறார். குற்றம் செய்த அணி பக்கைத் தன்வசப்படுத்தும் நொடியில்தான் விசில் ஊதப்படும் என்பதே இதன் காரணம். அந்த அணியால் கோல் அடிக்க வாய்ப்பில்லை என்பதால், மற்ற அணி கோல்கீப்பரை அழைத்துக்கொண்டு ஆறாவது தாக்குநரை இறக்குகிறது. தன் அணியினரே பின்னோக்கித் தவறாக அனுப்பும் பக் காலி கோலுக்குள் நுழையும் ஆபத்து மட்டும் மிச்சமிருக்கும்.

படி 7: கடைசி மூன்று நிமிடங்களில் காலி கோலைக் கவனியுங்கள்

ஒரு கோல் பின்தங்கிய அணி, ஆட்டத்தின் இறுதியில் கோல்கீப்பரை வெளியே அழைத்து ஆறு பேருடன் தாக்கும். இந்தச் சூதாட்டம் எப்படிப்பட்டது என்பதை அறிய, இத்தொடருக்கு வெளியே, 2014 சோச்சி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. கனடா 0–2 எனப் பின்தங்கியிருந்து, மூன்றரை நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக மீதமிருக்கையில் ஒரு கோலைத் திருப்பியது. பின்னர் கோல்கீப்பரை அழைத்துக்கொண்டது. அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக் தொலைவிலிருந்து விடுவித்த பக், வெறுமையாக இருந்த கோலை நோக்கி மெல்ல வழுக்கிச் சென்று, கம்பத்தில் பட்டு விலகியது. 54.6 நொடிகள் மீதமிருந்தபோது மேரி-பிலிப் பூலின் ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலையும் அவரே அடித்தார்.

கூடுதல் நேரம் இப்போது இரு தரப்பிலும் மூன்று பேர் வீதம் ஆடப்படுகிறது. லீக் சுற்றில் ஐந்து நிமிடங்களுக்குள் கோல் விழாவிட்டால் ஷூட்-அவுட் நடக்கும். தங்கப் பதக்க ஆட்டத்தில் ஷூட்-அவுட் இல்லை, கோல் விழும்வரை ஆட்டம் தொடரும்.

படி 8: கோல் விழுந்ததும் ஆட்ட அதிகாரிகளின் மேசையைப் பாருங்கள், கொண்டாட்டத்தை அல்ல

2019-இல் பின்லாந்தின் எஸ்போ நகரில் நடந்த தொடரில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில் ஆடிய பின்லாந்து அரையிறுதியில் கனடாவை 4–2 என வீழ்த்தியது. அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பெட்ரா நியமினன் பக்கை வலைக்குள் செலுத்தியதும், பின்லாந்து வீராங்கனைகள் கையுறைகளையும் மட்டைகளையும் வீசியெறிந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினர். காணொளி மறுபரிசீலனை நீண்டுகொண்டே போனது. கோல்கீப்பருக்கு இடையூறு விளைவிக்கப்பட்டது என்று கூறி அந்தக் கோல் செல்லாது என அறிவிக்கப்பட்டது. சிதறிக் கிடந்த மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு அவர்கள் மீண்டும் ஆட வேண்டியிருந்தது. இறுதி ஆட்டத்துக்கும் அப்போது இருந்த ஷூட்-அவுட்டில் அமெரிக்கா வென்றது. 2025 வரை கனடா–அமெரிக்கா அல்லாத ஒரே உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் அதுதான்.

அதற்கு நேர்மாறாக, 2021-இல் கால்கரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் பூலின் அடித்த பக் கோலுக்குள் புகுந்த வேகத்தில் வெளியே தெறித்துவிட்டதால், ஆட்டம் சற்று நேரம் அப்படியே ஓடியது. காணொளி அறையிலிருந்து ஒலிப்பான் முழங்கிய பிறகே கனடா வென்றது உறுதியாயிற்று.

படி 9: எந்த ஆட்டத்திலிருந்து தொடங்குவது?

கனடாவும் அமெரிக்காவும் மோதும் ஆட்டத்தின் வேகம், தொடக்கநிலைப் பார்வையாளருக்குத் தாங்காது. மேலே கூறிய எதையும் நின்று பார்க்க அது இடம் கொடுக்காது. என் பரிந்துரை பின்லாந்தும் செக் அணியும் மோதும் ஆட்டம். 2022, 2023 ஆண்டுகளின் வெண்கலத்தைச் செக் அணி வென்றது. 2024, 2025 ஆண்டுகளில் பின்லாந்து அதைக் கைப்பற்றியது. அந்த இரண்டு முறையும் பின்லாந்து வென்றது செக் அணியைத்தான், இரண்டுமே 60 நிமிடங்களுக்குள் முடிவுக்கு வராத ஆட்டங்கள். அடுத்ததாகப் பி பிரிவில் மூன்றாம் இடத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கே தோற்பவருக்குக் காலிறுதியும் போய், அடுத்த ஆண்டின் இடமும் போகக்கூடும் என்பதால், இரு அணியும் எதையும் மிச்சம் வைக்காமல் ஆடும். ஏ பிரிவின் நான்காம், ஐந்தாம் அணிகள் சந்திக்கும் காலிறுதியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இறுதி ஆட்டம் அதன் பிறகு வரட்டும்.