அடிமை ஒழிப்பு ஆவணங்களைப் படிப்பது எப்படி? லிங்கனின் அறிக்கையை வைத்து ஒரு செய்முறை

கிரையப் பத்திரம் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை பாதி தெரிந்ததுதான். முதல் பக்கம் முழுக்கச் சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கதை ஓடும். உண்மையில் கைமாறுவது எது என்பது தபசிலில், அதாவது சொத்து விவரப் பட்டியலில் இருக்கும். அங்கே ‘நீங்கலாக’ என்று ஒரு சொல் வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆபிரகாம் லிங்கன் 1863 ஜனவரி 1-இல் கையெழுத்திட்ட விடுதலை அறிக்கையும் இதே வார்ப்புதான். அவர் தொழிலால் வக்கீல் என்பதை மறக்க வேண்டாம்.

ஆங்கில மூலம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலும், அமெரிக்க மாநிலங்களின் வரைபடம் ஒன்றும் போதும்.

படி 1: முன்கதை எங்கே முடிகிறது?

‘வேர்ஆஸ்’ (Whereas) என்று தொடங்குவது முன்கதை. ‘நௌ, தேர்ஃபோர்’ (Now, therefore: ‘ஆகவே, இப்போது’) என்ற இடம் வந்ததும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். உத்தரவு அதற்குக் கீழேதான் இருக்கிறது. கோட்டுக்கு மேலே இருப்பது 1862 செப்டம்பர் 22-இல் விடுத்த எச்சரிக்கையின் மேற்கோள்: ஜனவரி 1 அன்று கிளர்ச்சியில் (அதாவது நாட்டிலிருந்து பிரிந்து வடக்கோடு போர் செய்துகொண்டு) இருக்கும் பகுதிகளின் அடிமைகள் அன்றுமுதல் என்றென்றைக்கும் விடுதலை பெற்றவர்கள். மேடைகளில் முழங்கப்படும் அந்த ‘என்றென்றைக்கும்’ மேற்கோளில்தான் வருகிறது. உத்தரவுப் பகுதி ‘இப்போதும் இனிமேலும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

படி 2: எந்த அதிகாரத்தில்?

கோட்டைத் தாண்டியதும் லிங்கன் தன் பெயரையும் பதவியையும் சொல்கிறார். குடியரசுத் தலைவர் என்பதோடு விடாமல், தரைப்படை, கடற்படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில், கிளர்ச்சியை அடக்குவதற்கு ஏற்ற, அவசியமான போர் நடவடிக்கையாக இதைச் செய்வதாக எழுதுகிறார். வறட்டு நடை என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அடிமை முறை அன்று மாநிலச் சட்டங்களின் கீழ் இருந்தது. சமாதான காலத்தில் ஒரு குடியரசுத் தலைவர் அதன்மேல் கைவைக்க வழியில்லை. ஆகவே எதிரியின் பலத்தைக் குறைக்கும் தளபதியாக நின்று கையெழுத்திடுகிறார். அடுத்த படியில் வரும் விசித்திரங்களுக்கெல்லாம் காரணம் இந்த ஒரு வரிதான்.

படி 3: எங்கே செல்லும், எங்கே செல்லாது?

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். 10 மாநிலங்கள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. வரைபடத்தில் அவற்றுக்கு வண்ணம் பூசுங்கள். பிறகு ‘எக்ஸெப்ட்’ (except: நீங்கலாக) என்ற சொல்லைத் தேடி, அதன் பின்னால் வரும் இடங்களை அழியுங்கள். லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தோடு 13 வட்டாரங்கள் போகும். வர்ஜீனியாவில் மேற்கு வர்ஜீனியாவாகப் பிரிந்துகொண்டிருந்த 48 மாவட்டங்களும், வேறு 7 மாவட்டங்களும் போகும். இந்த இடங்களெல்லாம் ‘தற்போதைக்கு, இந்த அறிக்கையே வெளியிடப்படாதது போல’ விடப்படுகின்றன என்று அறிக்கையே சொல்கிறது.

இனி பட்டியலில் இல்லாத பெயர்களைத் தேடுங்கள். டென்னசி கிளர்ச்சியில் சேர்ந்த மாநிலம். ஆனால் பெயரே இல்லை. கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் நான்கிலும் அடிமை முறை இருந்தது, ஆனால் அவை கிளர்ச்சி செய்யவில்லை. தளபதியின் போர் அதிகாரம் அங்கே எட்டாது.

‘தன் ஆட்சி நடக்காத இடத்தில் விடுவித்தார், நடக்கும் இடத்தில் விட்டுவிட்டார்’ என்று அன்றைக்கே கேலி செய்தார்கள். வரைபடத்தை இன்னொரு முறை பாருங்கள். தென் கரோலினாவுக்கு எந்த விலக்கும் இல்லை. அதன் கடலோரத் தீவுகளோ அப்போது லிங்கனின் வடக்குப் படையின் கையில் இருந்தன. அங்கே போர்ட் ராயல் பகுதியில் அன்றே கூட்டம் கூட்டி அறிக்கையைப் படித்தார்கள். அந்த மக்களுக்கு அது வெறும் காகிதமாக இருக்கவில்லை. கேலியை அப்படியே நம்பாமலிருக்கத்தான் வண்ணம் பூசச் சொன்னேன்.

படி 4: வினைச்சொற்களை வட்டமிடுங்கள்

ஒவ்வொரு வினைக்கும் ஒரு கனம் உண்டு. அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் விடுதலை பெற்றவர்கள் என்று லிங்கன் ‘உத்தரவிட்டு அறிவிக்கிறார்’. அந்த விடுதலையை அரசும் படைகளும் ‘அங்கீகரித்துக் காக்கும்’. அடுத்து விடுதலை பெற்றவர்களையே பார்த்துப் பேசுகிறார்: தற்காப்புக்கு அவசியமானால் தவிர வன்முறையில் இறங்கக் கூடாது என்று ‘கட்டளையிடுகிறார்’, நியாயமான கூலிக்கு உண்மையாக உழைக்குமாறு ‘பரிந்துரைக்கிறார்’. ஒன்று கட்டளை, மற்றது யோசனை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள். விடுதலை கொடுத்த கையோடு நல்லொழுக்கமும் போதிக்கும் தொனி எனக்கு நெருடுகிறது. ஆனால் தகுதியுள்ளவர்கள் படையில் ‘சேர்த்துக்கொள்ளப்படுவார்கள்’ என்ற அடுத்த பத்தி, போரின் போக்கையே மாற்றிய ஒன்று.

படி 5: விதிவிலக்கு வாலைப் பிடியுங்கள்

போர் அதிகாரத்தில் வந்தது போரோடு போய்விடலாம் அல்லவா? அதனால்தான் 1865 டிசம்பரில் 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. அது சின்ன வாக்கியம்தான். அடிமை முறையோ கட்டாய ஊழியமோ இருக்கலாகாது என்கிறது. நடுவிலே இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையில், ‘முறைப்படி குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவருக்குத் தண்டனையாக அன்றி’ என்று ஒரு துண்டு உட்கார்ந்திருக்கிறது. போருக்குப் பிறகு தென் மாநிலங்கள் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டது இந்தத் துண்டின் நிழலில்தான்.

இப்போது நீங்களே செய்து பாருங்கள்

பிரிட்டனின் 1833 சட்டத்தை எடுங்கள். தலைப்பே போதும். காலனிகளில் அடிமை முறையை ஒழிக்க, விடுவிக்கப்பட்டவர்களின் உழைப்பை ஊக்குவிக்க, ‘இதுவரை அவர்களின் சேவைக்கு உரிமை பெற்றிருந்த நபர்களுக்கு’ ஈடு கொடுக்க என்று போகிறது. தலைப்பில் உடைமையாளர் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, உடைமையாளருக்குத்தான் 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அடிமையாக இருந்தவருக்குக் காசு கிடையாது. 64-ஆவது பிரிவுக்குப் போய்ப் படி 3-ஐச் செய்யுங்கள்: கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலினா மூன்றும் நீங்கலாக. அன்றைய சென்னை மாகாணம் அந்த ‘நீங்கலாக’வுக்குள் இருந்தது.

அடுத்து, கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்கென்று இயற்றப்பட்ட 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம். மிகச் சிறியது, தொடங்க வசதி. ஒருவர் அடிமை என்ற காரணத்தால் அரசு அதிகாரி அவரை விற்கக் கூடாது, நீதிமன்றம் அந்த உரிமையை நிறைவேற்றித் தரக் கூடாது, அவர் சம்பாதித்த சொத்தைப் பறிக்கக் கூடாது, அவருக்கு இழைக்கும் குற்றமும் குற்றமே. வினைகளை வட்டமிட்டுவிட்டு, ‘அடிமை முறை ஒழிக்கப்படுகிறது’ என்ற வாக்கியத்தைத் தேடுங்கள். கிடைக்காது. வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய பிரிவுக்கு, 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 370-ஐப் புரட்ட வேண்டும்.