யெலீனெக் குடும்பத்தைப் பதிவேடுகளில் தேடுவது எப்படி

செக் நாட்டின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் யெலீனெக் ஒன்று. குட்டி மான் என்று பொருள். ஸ்லோவாக்கியாவிலும் இந்தப் பெயர் உண்டு. வியன்னா, சிகாகோ, டெக்சஸ், கனடா என்று மக்கள் குடிபெயர்ந்த இடங்களுக்கெல்லாம் கூடவே போயிருக்கிறது. இத்தனை பேர் தாங்கும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் தேடினால், வேறொரு குடும்பத்தின் முன்னோரை நம்முடையவர் என்று எண்ணிவிடுவது மிக எளிது. ஆளை அடையாளம் காட்டுபவை ஊரும் வீட்டு எண்ணும்தான். பெயர் அந்த இடத்துக்கு வழிகாட்டும், அவ்வளவே. இங்கே சொல்லும் முறை நோவாக், டுவோர்ஷாக், குச்சேரா என்று எந்தச் செக் பெயருக்கும் பொருந்தும்.

பெயரின் எல்லா வடிவங்களையும் முதலில் எழுதுங்கள்

செக் எழுத்துமுறை 1840களில் திருத்தப்பட்டது. அதற்கு முன் ‘ய’ ஒலிக்கு ஜி எழுத்தையும், நெடில் ‘ஈ’ ஒலிக்கு ஜே எழுத்தையும், ‘வ’ ஒலிக்கு டபிள்யூவையும் போட்டார்கள். ‘ஷ’ ஒலிக்கு இரண்டு எஸ், ‘ச்ச’ ஒலிக்கு சி, இசட் இரண்டும் சேர்ந்து வரும். இன்று ஜே-யில் தொடங்கும் யெலீனெக் 1790-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ஜி-யில் தொடங்குவதற்கு இதுதான் காரணம். வியன்னாவில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் யோசெஃப் யெலீனெக்கின் (1758–1825) பெயரை இசை அகராதிகள் இன்றும் ஜி எழுத்தின் கீழ்தான் வைத்திருக்கின்றன.

ஜெர்மனில் எழுதியவர்கள் எல் எழுத்தை இரட்டித்தார்கள். தன் மகள் மெர்சிடிஸின் பெயரை டைம்லர் கார்களுக்குச் சூட்டிய எமில் யெல்லினெக் (1853–1918), அவருடைய அண்ணன் சட்ட அறிஞர் கேயோர்க் யெல்லினெக் (1851–1911) இருவருக்கும் இரட்டை எல்தான். ஆங்கிலம் பேசும் நாடுகளில் நெடில் குறி உதிர்ந்துபோகும். சில குடும்பங்கள் ஒலியைக் காப்பாற்ற முதலெழுத்தை ஒய் ஆக்கிக்கொண்டன. முதற்பெயரும் மாறலாம். கணினிக்குப் பேச்சைப் புரியவைக்கும் ஆய்வில் முன்னோடியான ஃபிரடெரிக் யெலினெக், 1932-ல் கிளாட்னோவில் பிறந்தபோது பெட்ர்ஷிஹ்.

ஆகவே குறைந்தது நான்கு வடிவங்கள் உங்கள் தாளில் இருக்க வேண்டும்: ஜே-யில் தொடங்குவது, ஜி-யில் தொடங்குவது, இரட்டை எல் உள்ளது, ஒய்-யில் தொடங்குவது. பெயர் அகரவரிசையைப் புரட்டும்போது ஐ-யையும் பாருங்கள். பழைய கையெழுத்தில் பெரிய ஐ-யும் ஜே-யும் ஒரே வடிவம்தான், பல எழுத்தர்கள் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருக்கிறார்கள். கொக்கி போட்ட சி, ஆர், எஸ், இசட் ஆகியவை செக் அகரவரிசையில் தனி எழுத்துகள். கொக்கி இல்லாதவை முடிந்த பிறகே அவை வரும். சில பழைய பதிவேடுகளின் அகரவரிசை குடும்பப் பெயரைவிட்டு முதற்பெயரின்படி அடுக்கப்பட்டிருக்கும். யெலீனெக் எங்குமே இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் யான், யோசெஃப், வாட்ஸ்லவ் என்ற பெயர்களின் கீழும் பார்த்துவிடுங்கள்.

மனைவி, மகள், வேற்றுமை உருபு

யெலீனெக்கின் மனைவியும் மகளும் யெலீன்கோவா. இடையில் உள்ள ‘எ’ விழுந்து, கடைசியில் ‘ஓவா’ சேர்கிறது. நெடில் ‘ஈ’ ஒலியில் முடியும் உரிச்சொல் பெயர்கள் வேறு விதம்: நோவொட்னீ என்பவரின் மகள் நோவொட்னா. க்ரெய்ச்சீ போன்ற சில பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறாமல் இருக்கும். டென்னிஸ் வீராங்கனை பார்போரா க்ரெய்ச்சீகோவாவின் குடும்பப் பெயர் க்ரெய்ச்சீக். க்ரெய்ச்சீ வேறு பெயர். தரவுத்தளத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டில் இந்த விகுதி பெரும்பாலும் போய்விடுகிறது. 1962-ல் பிராகில் நடந்த உலகப் போட்டியில் கனடாவுக்காக இணைப் பனிச்சறுக்கு நடனத்தில் வென்ற அண்ணன் தங்கை ஓட்டோ, மரியா இருவரின் பெயரும் யெலினெக்தான். செக் நாட்டிலும் 2022 ஜனவரி 1 முதல் எந்தப் பெண்ணும் ஆண் வடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

பதிவேட்டில் இதைவிடப் பெரிய குழி வேற்றுமை உருபு. “யோசெஃப் யெலீனெக்கின் மகள்” என்பதைச் செக் மொழியில் எழுதும்போது “ட்ஸெரா யோசெஃபா யெலீன்கா” என்று வரும். பழக்கமில்லாதவர் இதைப் பார்த்து யோசெஃபா என்று ஒரு பெண், யெலீன்கா என்று ஒரு குடும்பம் என இரண்டு தவறுகளை ஒரே வரியில் செய்துவிடுவார். யானா, ஃப்ரன்டிஷ்கா என்பனவும் அப்படித்தான்: தனியே நின்றால் பெண் பெயர்கள், தந்தையைச் சொல்லும் இடத்தில் யான், ஃப்ரன்டிஷெக் என்ற ஆண்கள். மகன், மகள் என்ற சொல்லுக்கு அடுத்து வரும் பெயரை எப்போதும் உருபை நீக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரைக் கண்டுபிடிக்காமல் பதிவேட்டைத் திறக்காதீர்கள்

நாடு முழுவதற்குமான ஒரே பெயர்ப் பட்டியல் கிடையாது. பதிவேடுகள் திருச்சபைப் பங்குவாரியாக, அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட பகுதிவாரியாக இருக்கின்றன. குடிபெயர்ந்தவரின் ஊர் பெரும்பாலும் புது நாட்டு ஆவணங்களில்தான் கிடைக்கும்: குடியுரிமை விண்ணப்பம், செக் மொழி நாளிதழின் இரங்கல் குறிப்பு, திருமணச் சான்று, கல்லறைக் கல். ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை எஞ்சியிருக்கின்றன. பிரெமன் வழியாகப் போனவர்களுக்கு அந்த வசதி இல்லை, அங்கே பெரும்பகுதி அழிந்துவிட்டது. அவர்களை இறங்கிய துறைமுகத்தின் பட்டியலில் தேட வேண்டும்.

கல்லறைக் கல்லில் உள்ள ஊர்ப் பெயரும் உருபோடுதான் இருக்கும். ‘ப்ராஸெ’ என்றால் ப்ராஹா, அதாவது பிராக். ‘ப்ர்ன்யெ’ என்றால் ப்ர்னோ. கல்லில் கண்டதை அப்படியே வரைபடத்தில் தேடினால் ஒன்றும் வராது. ஜெர்மன் பெயரும் வரும்: ப்ர்னோ ப்ரியுன் ஆகும், ப்ல்ஸென் பில்ஸன் ஆகும், செஸ்கே புத்யெயோவிட்ஸெ புட்வைஸ் ஆகும். ல்ஹோட்டா என்ற பெயரில் மட்டும் நூற்றுக்கணக்கான ஊர்கள் இருக்கின்றன. அப்படி ஒரு பெயர் கிடைத்தால், அதே ஆவணத்தில் உள்ள மாவட்டம், பக்கத்துச் சிறுநகரம், தபால் நிலையம் எதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் தெரிந்ததும் அது எந்தப் பங்கில் இருந்தது, அந்தப் பங்கின் ஏடுகள் எந்தக் காப்பகத்தில் உள்ளன என்று பாருங்கள். பிராக், ட்ர்ஷெபோன், ப்ல்ஸென், லிட்டொம்யெர்ஷிட்ஸெ, ஸாம்ர்ஸ்க், ப்ர்னோ, ஓப்பவா ஆகிய ஏழு வட்டாரக் காப்பகங்களும் பிராக் நகரக் காப்பகமும் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. குறிப்பெடுக்கும்போது ஏட்டின் எண், பக்க எண், பட எண் மூன்றையும் எழுதுங்கள். பக்க எண்ணும் பட எண்ணும் அரிதாகவே ஒத்துப்போகும்.

வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள்

1770–71-ல் படைக்கு ஆள் எடுப்பதற்காக வீடுகளுக்கு எண் கொடுத்தார்கள். 1784-ல், அன்று செக் நாட்டை ஆண்ட இரண்டாம் யோசெஃப் பேரரசர் பதிவேடுகளுக்கு ஒரே வடிவம் கொண்டுவந்தார்: பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் தனித்தனி ஏடு, கட்டம் போட்ட பக்கம், ஒரு கட்டத்தில் வீட்டு எண். தேடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒரே ஊரில் இரண்டு யான் யெலீனெக் இருப்பது சாதாரணம். ஒருவர் 14-ஆம் எண் வீட்டிலும் மற்றவர் 32-ஆம் எண் வீட்டிலும் இருந்தால் குழப்பம் தீர்ந்தது.

வேலை செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். தெரிந்த ஒரு பிறப்புப் பதிவை எடுங்கள், வீட்டு எண்ணைக் குறியுங்கள். முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே வீட்டில் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் எழுதுங்கள். முதல் குழந்தை கிடைத்ததும் அதற்கு ஒன்றிரண்டு ஆண்டு முன்பிருந்து திருமண ஏட்டைப் பாருங்கள். மணமகளின் பங்கில்தான் திருமணம் நடப்பது வழக்கம் என்பதால், மாப்பிள்ளையின் ஊரில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். நடுவில் குழந்தைகளின் தாய் பெயர் மாறினால் இறப்பு ஏட்டுக்குப் போங்கள். மனைவி இறந்து சில மாதங்களிலேயே மறுமணம் செய்வது அன்று இயல்பு. சிறு பிள்ளைகளும் நிலமும் இருந்த வீட்டில் வேறு வழி இருக்கவில்லை.

எண் மாறும் இடங்களும் உண்டு. சில ஊர்களில் பிற்காலத்தில் மறுபடி எண் போட்டார்கள், அப்போது ஒரே வீடு வேறு எண்ணில் வரும். அந்த ஆண்டில் பக்கத்து வீட்டார் எல்லாருக்கும் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாருக்கும் மாறியிருந்தால் மாறியது எண்தான். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் மாறியிருந்தால் அவர்கள் வீடு மாறியிருக்கிறார்கள். ஞானப் பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) கட்டத்தையும் விடாதீர்கள். ஒரே தம்பதி தொடர்ந்து ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்கு நின்றிருப்பார்கள், எண் தவறும் இடத்தில் அவர்கள் கைகொடுப்பார்கள்.

எழுத்தைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் கூர்ரென்ட் கையெழுத்தில் ‘எ’ எழுத்தும் ‘ன’ எழுத்தும் இரண்டு கோடுகளாக ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். யெலீனெக் என்ற பெயரில் இரண்டுமே வருவதால் தவறாகப் படிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதே பக்கத்தில் மாதப் பெயர், யோஹான், அன்னா போன்ற தெரிந்த சொற்களை எடுத்து, அந்த எழுத்தரின் எழுத்து வடிவங்களை ஒரு தாளில் வரைந்துகொண்டு பிறகு படியுங்கள்.

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை தாயின் குடும்பப் பெயரில் இருக்கும். பின்னால் பெற்றோர் மணந்திருந்தால், தந்தையின் கட்டத்தில் வேறு மையில், சாட்சிகளின் கையொப்பத்தோடு ஒரு குறிப்பு சேர்ந்திருக்கும். ஆகவே யெலீனெக் ஒருவரின் பிறப்பு கிடைக்கவில்லை என்றால் தாயின் பெயரில் பாருங்கள்.

1780களுக்கு முன்னால்

குடும்பப் பெயர் மாறக்கூடாது என்ற விதியே இரண்டாம் யோசெஃப் காலத்தில்தான் வந்தது. அதற்கு முன் பல ஊர்களில் பெயர் வீட்டோடு ஒட்டியிருந்தது. ‘கூரைப்படி’ பெயர் என்பார்கள். யெலீனெக் பண்ணையின் விதவையை மணந்து அங்கே குடிவந்தவர், பிறப்பால் நோவாக் ஆக இருந்தாலும், யெலீனெக் ஆகிவிடுவார். அவருடைய பிள்ளைகளும் யெலீனெக். பெயரை மட்டும் பின்தொடர்ந்தால் விதவையின் முதல் கணவன் வழிக்குப் போய்விடுவீர்கள், அது உங்கள் இரத்த வழி அல்ல. பதிவில் ‘வேறு பெயரால்’ என்று பொருள்படும் ‘யினாக்’, ‘வுல்கோ’, ‘அலியாஸ்’ என்ற சொற்களில் ஒன்று இருந்தால் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். இந்தக் காலத்துக்கு நிலப்பிரபுக்களின் நிலப் பதிவேடுகள் மிகவும் உதவும். வீட்டை யார் யாரிடமிருந்து என்ன விலைக்கு எடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கும். செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவுக்கு 1651-ஆம் ஆண்டுச் சமயவாரிக் குடிகள் பட்டியலும் 1654-ஆம் ஆண்டு வரி ஏடும் உண்டு.

யூதக் குடும்பமானால்

யெல்லினெக் என்ற வடிவம் செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவின் யூதக் குடும்பங்களில் அதிகம் தென்படும். எமில், கேயோர்க் சகோதரர்களின் தந்தை, வியன்னாவின் ரப்பி (யூத மதகுரு) அடோல்ஃப் யெல்லினெக், உஹெர்ஸ்கீ ப்ரோட் அருகே ட்ர்ஸ்லாவிட்ஸெ ஊர்க்காரர். யூதர்கள் நிலையான ஜெர்மன் பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆணை 1787-ல் வந்தது. அதற்கு முன்னால் தந்தையின் பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும்.

1726–27 முதல் 1848 வரை ஒரு கொடிய சட்டம் இருந்தது. பொஹீமியாவில் 8,541, மொராவியாவில் 5,106 யூதக் குடும்பங்களுக்குத்தான் அனுமதி. ஆகவே தந்தையின் இடத்துக்கு வரும் மூத்த மகனுக்கே சட்டப்படி திருமணம். இளைய மகன்கள் ரகசியமாக மணந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தாயின் குடும்பப் பெயரில் பதிவானார்கள். பலர் எல்லை தாண்டி அன்றைய ஹங்கேரிக்கு, இன்றைய ஸ்லோவாக்கியாவுக்குப் போனார்கள். மொராவியாவில் ஒரு கிளை திடீரென நின்றால் அங்கே பாருங்கள். யூதப் பதிவேடுகளின் கட்டுப்பாட்டுப் பிரதிகள் (சரிபார்ப்புக்காக எழுதிய இரண்டாம் படிகள்) பிராகின் தேசியக் காப்பகத்தில் உள்ளன.

ஸ்லோவாக்கியப் பக்கம்

1918 வரை இது ஹங்கேரி அரசின் பகுதி. அரசுப் பதிவு 1895 அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்கு முன் திருச்சபை ஏடுகள்தான், அவற்றின் படங்களை ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கில் பார்க்கலாம். ஊர்ப் பெயர்கள் ஹங்கேரிய வடிவில் வரும்: ட்ர்னவா நாஜ்சொம்பட் ஆகும், கொஷிட்ஸெ காஷ்ஷா ஆகும். குடும்பப் பெயர் முன்னால், முதற்பெயர் பின்னால்: யெலினெக் யானோஷ் என்பவர் ஸ்லோவாக் மொழியில் யான் யெலினெக். இஷ்ட்வான் என்றால் ஷ்டெஃபான், ஜியோர்ஜ் என்றால் யுராய். யானோஷ்னே என்று ‘னே’ சேர்ந்தால் யானோஷின் மனைவி என்று பொருள், அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் அதில் இருக்காது. அவருடைய பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாயின் கட்டத்தைப் பாருங்கள், பிறந்த வீட்டுப் பெயர் அங்கே கிடைக்கும்.

நூறு ஆண்டுக்குள் என்றால்

செக் நாட்டில் பிறப்பு ஏடு கடைசிப் பதிவிலிருந்து 100 ஆண்டும், திருமண ஏடு 75 ஆண்டும் கழிந்த பிறகே காப்பகத்துக்கு வரும். அதுவரை உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். நெருங்கிய இரத்த உறவை ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்றோடு காட்டினால் நகல் தருவார்கள். கேட்டு எழுதும்போது பெயரை நெடில் குறியோடு இன்றைய செக் எழுத்தில் எழுதுங்கள், பெண்ணானால் பிறந்த வீட்டுப் பெயரையும் ‘ஓவா’ விகுதியோடு சேருங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேட வேண்டும் என்று குறிப்பிடுங்கள்.