பொருளைத் தேடும் சாகசத்துக்குக் கதை எங்கே கிடைக்கும்?

"தொலைந்துபோன வாளைத் தேடிக் கொண்டுவாருங்கள்" என்று ஒரு தடவையாவது சொல்லாத கேம் மாஸ்டர், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக டைஸ் உருட்டி ஆடும் ரோல்-பிளேயிங் கேமில் கதையை நடத்துபவர், இருக்க முடியாது. வாளுக்குப் பதில் கிரீடம், கோப்பை, சுவடி என்று மாறும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது செஷனிலேயே, அதாவது இரண்டாம் தடவை ஆட உட்காரும்போதே, பிளேயர்கள் போனை நோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள் என்றால் கோளாறு பெரும்பாலும் வாளில் இல்லை. அது என்னென்ன செய்யும், டேமேஜுக்கு எத்தனை டைஸ் கூட்டிக்கொடுக்கும் என்பதிலேயே நம் நேரமெல்லாம் போய்விடுகிறது. இருக்க வேண்டிய இடத்தில் அது ஏன் இல்லை என்று யோசிக்க மறந்துவிடுகிறோம்.

ஆகவே மந்திரப் பொருட்களின் பட்டியலை மூடி வைத்துவிட்டு நிஜத் திருட்டுகளைப் படியுங்கள். கோயிலிலும் தேவாலயத்திலும் மியூசியத்திலும் காணாமல் போனவை, போரில் அள்ளிக்கொண்டு போனவை, கோர்ட்டு வரை போய் வழக்காடப்பட்டவை, எதுவானாலும் சரி. படிக்கும்போது ஒரே கேள்வி போதும்: இது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, திரும்பி வந்தால் யாருக்கெல்லாம் வயிறு எரியும்? வில்லன், போட்டிக்கு வரும் கும்பல், பொய் சொல்லும் வியாபாரி எல்லாரும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருப்பார்கள். நீங்கள் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு பெல்ஜியத்தின் கென்ட் நகரத் திருட்டை அடித்துக்கொள்ள வேறொன்று இல்லை என்பேன். அங்குள்ள புனித பாவோ பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் 15-ஆம் நூற்றாண்டில் மரப் பலகைகளில் வரைந்த பெரிய பலிபீட ஓவியம் இருக்கிறது. 1934 ஏப்ரலில் ஒரே இரவில் அதிலிருந்து இரண்டு பலகைகள் காணாமல் போயின. திருடியவன் 10 லட்சம் பெல்ஜியன் பிராங்க் கேட்டுக் கடிதம் போட்டான். சரக்கு தன்னிடம்தான் இருக்கிறது என்று காட்ட ஒரு பலகையைத் திருப்பியும் கொடுத்தான், எப்படி என்றால் பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையத்து க்ளோக் ரூமில் அதைப் போட்டுவிட்டு ரசீதை மட்டும் அனுப்பிவைத்தான். பேரம் படியவில்லை. அந்த நவம்பரில் ஒரு பங்குத் தரகர் சாகும் தறுவாயில் தன் வக்கீலைக் கூப்பிட்டு, மற்றப் பலகை எங்கே என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொன்னார், இடத்தைச் சொல்லவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வீட்டில் மிரட்டல் கடிதங்களின் கார்பன் நகல்கள் கிடைத்தன. அனுப்பாத ஒரு கடிதமும் கிடைத்தது: ஊர்க் கண்ணில் படாமல் நானோ வேறு யாருமோ எடுக்க முடியாத இடத்தில் அது இருக்கிறது என்கிற மாதிரி அதில் ஒரு வரி. பலகை இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த இடத்தில் இப்போது இருப்பது ஒரு நகல்.

இதை அப்படியே மேசைக்குக் கொண்டுவராதீர்கள், கதை தெரிந்த ஒரே ஒரு பிளேயர் இருந்தாலும் போச்சு. நன்றாக வேலை செய்யும் ஒன்றிரண்டு பாகங்களை மட்டும் கழற்றி எடுங்கள். உதாரணமாக, பொருளில் பாதி முதல் செஷனிலேயே யாரும் தேடாமல் வந்து சேர்கிறது, சத்திரத்துக்காரனிடம் காட்ட வேண்டிய ஒரு டோக்கன் வழியாக. அப்புறம், விவரம் தெரிந்த ஒரே ஆள் மரணப் படுக்கையில் கிடக்கிறார். மூன்று கேள்விக்குத்தான் அவருக்குத் தெம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காருங்கள், என்ன கேட்பது என்று பிளேயர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதிலேயே அரை மணி நேரம் ஓடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, பிணத்தோடு பேசும் மந்திரம் உள்ள கேம் என்றால் முன்கூட்டியே அணை போட்டுவிடுங்கள். அந்த மந்திரத்துக்குப் பிணத்தின் வாய் வேண்டும், ஆகவே உடலை அன்றே எரித்துவிட்டார்கள் என்றால் முடிந்தது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, அனுப்பாத கடிதத்தில் இருந்த அந்த வரி. பொருள் சந்தை நடுவில் இருக்கும் கிணற்று மேடைக்கு அடியில் இருக்கிறது என்று வையுங்கள். கண்டுபிடிப்பது சுலபம், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது தோண்டுவதுதான் பாடு. தேடல் சாகசம் ஒரே வரியில் கொள்ளைத் திட்டமாக மாறிவிடும்.

ஒரு விஷயம், இடத்தைக் காட்டும் துப்பு ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. ஒரு டைஸ் சரியாக விழாவிட்டால் முழுக் கதையும் நின்றுவிடும் அபாயம் அதில் இருக்கிறது. கடிதம், கார்பன் நகல், வேலைக்காரியின் நினைவு என்று மூன்று பக்கத்திலிருந்தும் வழி விடுங்கள்.

பொருளின் உடம்பையும் கவனியுங்கள். ஸ்காட்லாந்து அரசர்களின் முடிசூட்டுக் கல்லை 1296-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் தூக்கிக்கொண்டு போனார். 1950 கிறிஸ்துமஸ் அன்று ஸ்காட்லாந்து மாணவர்கள் நாலு பேர் அதை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து கிளப்பினார்கள். எடை சுமார் 152 கிலோ. இழுக்கும்போது கல் இரண்டாக உடைந்தது, துண்டுகள் வேறு வேறு வழியில் போயின, 1951 ஏப்ரலில் ஒட்டவைத்த கல் அர்புரோத் அபேயில் கிடந்தது, வழக்கே போடவில்லை. இதில் மந்திரம் ஏதாவது இருக்கிறதா? வெறும் கனம். பொருள் கனமாக இருந்தால், அல்லது சூடாக, அழுகக்கூடியதாக, எந்நேரமும் ஓசை எழுப்புவதாக இருந்தால், அதை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதே தனிச் சாகசம். ஆனால் எதைப் போட்டாலும் கொள்ளும் மந்திரப் பை குழுவிடம் இருந்தால் இதெல்லாம் பாழ். பொருள் அந்தப் பைக்குள் போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் ஏமாற்றுவதாகத்தான் நினைப்பார்கள்.

யாரும் பார்க்கக் கூடாத பொருள் என்பது இன்னொரு வகை. ஜப்பானிய அரச சின்னங்களில் ஒன்றான குசநாகி வாள் 1185-இல் டான்னோஉரா கடற்போரில் மூழ்கியதாகக் கதை சொல்கிறது. 2019-இல் புதிய பேரரசர் பதவியேற்றபோதும் வாள் மூடிய பெட்டியில்தான் வந்தது. பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை என்று உங்கள் குழுவுக்கு மட்டும் தெரியவந்தால்? இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பொருள் அசலா என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு நம் கையிலேயே விடை இருக்கிறது. கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும், உடைத்துவிட்டால் சிலம்பு இல்லை. எந்தக் கேமுக்கும் பொருந்தும் முடிச்சு இது: உண்மையை நிரூபித்தால் பொருள் போய்விடும்.

அடுத்து, வேலையைக் கொடுப்பது யார்? தாடி வைத்த மந்திரவாதியை விட்டுவிடுங்கள். 1976-இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்த கோயிலுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். பொய்யான பூர்வீகக் கதையோடு ஒரு கனடா நிறுவனத்துக்கு விற்கப்பட்டார். லண்டன் கோர்ட்டில் உரிமை கோரியவர்களில் அந்தக் கோயிலின் சிவலிங்கமும் ஒருவர்! சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும்கூட அந்த வழக்கில் ஆராயப்பட்டன. 1988-இல் தீர்ப்பு கோயில் தரப்புக்குச் சாதகமாக வந்தது, அப்பீலிலும் நின்றது, 1991-இல் சிலை ஊர் திரும்பியது. உங்கள் உலகத்தில் ஒரு பாழடைந்த கோயில், தன் வாயாலேயே, "என்னுடையதைக் கொண்டுவா" என்று குழுவிடம் கேட்கட்டும். கூலி என்ன கொடுக்கும், யார் அதற்கு வக்கீல் என்று பிளேயர்களே கேட்பார்கள். இந்த வகைக் கேம்களில் பழைய வழக்கம் கோயிலையும் கல்லறையையும் உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு போய் விற்பதுதான். அதைத் திருப்பிப் போட்டு, விற்றதை மீட்டுக் கொண்டுவந்து வைப்பதையே வேலையாகக் கொடுத்தால் கதைக்கு நல்ல உறைப்பு வரும் என்பது என் கட்சி. நிஜ தெய்வத்தின் பெயரை மட்டும் மேசையில் வைக்காதீர்கள், கற்பனைப் பெயர் போதும், யார் மனமும் நோகாது.

எழுதும்போது ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பொருள், அது கடைசியாக இருந்த இடம், அதைக் கேட்டு வரும் இரண்டு மூன்று பேர், அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லும் பொய், கையில் கிடைத்ததும் வரும் தொல்லை. பொய்களைக் கவனமாக எழுதுங்கள், செஷனை ஓட்டப்போவது அவைதான். முடிவை எழுதவே எழுதாதீர்கள். பொருளை உரியவரிடம் கொடுப்பார்களா, விற்பார்களா, தாங்களே வைத்துக்கொள்வார்களா என்பது பிளேயர்கள் பாடு. வைத்துக்கொண்டால் அடுத்த சாகசத்துக்கு நீங்கள் எதையும் தேட வேண்டாம், முதல் சாகசத்தில் அதைக் கேட்டு வந்தவர்கள் இப்போது குழுவைத் தேடி வருவார்கள்.